மாடா, ஆடா, கோழியா? இரண்டு ஏக்கர் குடும்பத்துக்கு முதலில் எது?

போன தை மாதம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்து வருஷம் டெய்லராக இருந்தவர். தாராபுரம் பக்கம் தாத்தா விட்டுப்போன இரண்டு ஏக்கருக்கு இப்போது குடும்பத்தோடு திரும்பியிருக்கிறார். மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா, ஆக ஐந்து பேர். கையில் எழுபதாயிரம் ரூபாய். கிணற்றுத் தண்ணீர் அரை ஏக்கருக்குத்தான் பாயும், மீதி மானாவாரிக் காடு. "பால், முட்டை, எரு எதையும் காசு குடுத்து வாங்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோங்கண்ணா. முதல்ல ஒரு மாடு வாங்கிடட்டுங்களா?" என்று கேட்டார்.

அன்றைக்கு அவரிடம் சொன்னதையும், அவர் போன பிறகு யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி மண்ணில் பதினான்கு வருஷமாக மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டேன். நான் வாங்கிய வரிசை மாடு, ஆடு, கோழி. இன்று மறுபடி தொடங்கினால் அந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுவேன். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எந்த உருப்படியை வாங்குவதாக இருந்தாலும் ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: சித்திரை, வைகாசியில் இது எதைத் தின்னும்? ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து முடிந்ததும் எங்கள் காடெல்லாம் பச்சையாகக் கிடக்கும். மார்கழியில் யார் வேண்டுமானாலும் எந்த மாட்டையும் வளர்த்துவிடலாம். மாசி தாண்டியதும் புல் காய்ந்து, கிணற்றில் மோட்டார் அரை மணி நேரம்கூட ஓடாத நாட்கள் வரும். அப்போது உங்கள் நிலத்தில் இருப்பது எத்தனை வாய்க்குக் காணுமோ, அத்தனை வாய்தான் உங்கள் பண்ணயம் தாங்கும். அதற்கு மேல் ஒரு வாய் இருந்தாலும் கடையிலிருந்து தீவன மூட்டை வரத் தொடங்கும். மூட்டை வாடிக்கையாகிவிட்டால், வீட்டுப் பால் என்ற பெயரில் கடைப் பாலைவிட அதிகம் செலவழிக்கிறோம் என்று தெரியவே ஒரு வருஷம் ஆகிவிடும். எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

மாடு: வீட்டுப் பாலின் உண்மையான விலை

நான் முதலில் வாங்கியது ஜெர்சி கலப்பு. இரண்டாம் ஈற்று, பத்து லிட்டர் கறவை. இரண்டு லிட்டர் வீட்டுக்கு, எட்டு லிட்டர் சொசைட்டிக்கு என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை 2023 டிசம்பர் விலையில் போட்டுக் காட்டுகிறேன். ஆவின் அந்த மாதம் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாயிலிருந்து 38 ரூபாயாக உயர்த்தியது. எட்டு லிட்டருக்கு 304 ரூபாய். கொழுப்பையும் இதர சத்தையும் பார்த்துத்தான் கணக்கில் ஏற்றுவார்கள் என்பதால் தினமும் முழுசாக வராது; இருந்தாலும் வருவதாகவே வைத்துக்கொள்வோம். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு அடர்தீவனம் மட்டும் நாளைக்கு ஐந்து கிலோ வேண்டும். உடம்பைத் தாங்க ஒன்றரை கிலோ, அப்புறம் மூன்று லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்பது பொதுவான அளவு. கிலோ 30 ரூபாய் என்றாலும் 150 ரூபாய் போய்விடும். மீதி 150 ரூபாய் என்பது பசுந்தீவனமும் சோளத்தட்டும் சொந்தமாக இருந்தால் மட்டும்தான்.

பசுந்தீவனம் நாளைக்கு 25 முதல் 30 கிலோ. வருஷத்துக்கு ஏறக்குறைய பத்து டன். கம்பு நேப்பியர் கோ-4 போட்டால் இருபது சென்டில் இது முடிந்துவிடும், அவ்வளவு விளைச்சல் தரும் புல் அது. ஆனால் வாரம் ஒரு தண்ணீர் தவறாமல் கேட்கும். ஆக, கலப்பின மாடு கேட்பது நிலத்தைவிடத் தண்ணீரைத்தான். குடிக்கிற தண்ணீர் வேறு, வெயில் காலத்தில் நாளைக்கு எழுபது, எண்பது லிட்டர். இதற்கு மேல் ஐந்து கிலோ உலர்தீவனம். வருஷத்துக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் டன் சோளத்தட்டு, அதாவது ஒரு ஏக்கர் மானாவாரிக் காட்டின் விளைச்சல். அந்தத் தம்பியின் காட்டில் பெரும்பங்கு ஒரே மாட்டின் வயிற்றுக்குப் போய்விடும்.

எனக்கு நடந்தது இதுதான். இரண்டாவது வருஷம் பங்குனியில் கிணறு வற்றி, புல் கருகி, தட்டுப்போரும் தீர்ந்துபோனது. வெளியூரிலிருந்து வைக்கோல் ஏற்றி வந்தேன். அதே மாதம் மடிவீக்கம் வந்து ஒரு காம்பு போனது. பால் நான்கு லிட்டருக்கு இறங்கிய பிறகும் மாடு தின்பது குறையவில்லை. சினை பிடித்து, கறவை வற்றி, அடுத்த ஈற்று வரைக்குமான அறுபது நாளும் ஒரு சொட்டுப் பால் இல்லாமல் தீவனம் மட்டும் போட்டேன். அந்த வருஷக் கணக்கை என் மனைவி நோட்டில் எழுதி வைத்திருந்தாள். வீட்டுக்கு எடுத்த பாலுக்கு லிட்டருக்கு 90 ரூபாய் விழுந்திருந்தது.

கலப்பின மாட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வற்றாத தண்ணீரும், பால் ஊற்றிப் பிழைக்கும் நோக்கமும், நான்கைந்து மாடு வைக்கும் தெம்பும் இருக்கிறவர்களுக்கு அதுதான் சரி. வீட்டுக்கு இரண்டு லிட்டர் போதும் என்கிற குடும்பத்துக்கு அது அளவு மீறிய மாடு.

அப்படியானால் நாட்டுமாடு? எங்கள் பக்கம் என்றால் காங்கேயம். நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர். கன்றுக்கு விட்டது போக ஒன்றரை லிட்டர் மிஞ்சும். ஐந்து பேர் குடும்பத்துக்குக் காப்பி, தயிர், மோர் எல்லாம் அதில் அடங்கும். சொசைட்டிக்கு ஊற்ற ஒன்றும் இருக்காது என்பதால் அடர்தீவனம் வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கைப்பிடித் தவிடும் புண்ணாக்கும் காட்டினால் கறக்க நிற்கும். காய்ந்த தட்டைத் தின்று வெயிலில் தாங்கும். வைத்தியச் செலவு குறைவு.

ஆனால் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு நாட்டுமாட்டை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கப் பால் குடிக்க முடியாது. ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடைவெளி ஒன்றேகால் வருஷம், சில சமயம் அதற்கு மேலும் போகும். இடையில் ஐந்தாறு மாதம் பால் மறுத்துவிடும். வருஷம் முழுக்க வேண்டுமென்றால் முன்பின்னாக ஈனும் இரண்டு மாடு வேண்டும். இரண்டு மாடு என்றால் மேய்ச்சல் வேண்டும். காங்கேயம் மாடு எங்கள் ஊர்க் கொறங்காட்டில் உருவான இனம். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல், நடுவில் நிழலுக்கு வெள்வேல மரம் என்று நம் முன்னோர் அமைத்த மேய்ச்சல் காடு அது. கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேல நெற்று உதிர்ந்து மாட்டைக் காப்பாற்றும். சித்திரையில் எதைத் தின்னும் என்ற கேள்விக்கு அந்தக் காட்டிலேயே பதில் இருந்தது. ஆனால் கொறங்காடு என்பது நான்கைந்து ஏக்கராவது இருக்கிறவர்களுக்கு. இரண்டு ஏக்கர்க்காரர் அரை ஏக்கரை அப்படி விட்டால் ஒரு மாட்டுக்கு அரைவயிறு நிரம்பும், மீதிக்குத் தட்டு.

சாணத்துக்காக மட்டும் மாடு வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம், கணக்கு தெரிந்திருந்தால். நாட்டுமாடு நாளைக்கு எட்டு முதல் பத்து கிலோ சாணம் போடும். ஏக்கருக்கு ஒருமுறை விடும் ஜீவாமிர்தம் என்ற ஊறவைத்த சாணக் கரைசலுக்குப் பத்து கிலோ சாணம், ஐந்து முதல் பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, 200 லிட்டர் தண்ணீர். ஒரு நாட்டுமாடு முப்பது ஏக்கருக்குப் போதும் என்று இயற்கை விவசாயம் சொல்லித்தரும் சுபாஷ் பாலேக்கர் சொல்வது இந்த அளவை வைத்துத்தான். இரண்டு ஏக்கருக்கு என்றால் ஒரு நாள் சாணத்தில் ஒரு ஏக்கர் முடிந்துவிடும். அதற்காக ஒரு மாட்டை வருஷம் முழுக்கக் கட்டித் தீனி போடுவதைவிட, பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு கூடை சாணம் கேட்டு வாங்கிக்கொள்வது சிக்கனம். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை.

சாண எரிவாயு வேறு விஷயம். ஒரு கிலோ சாணத்துக்கு 0.04 கனமீட்டர் வாயு வரும். பெரிய கலப்பின மாடு ஒன்று போடும் பதினைந்து கிலோவில் நாளைக்கு 0.6 கனமீட்டர். சமையல் கேஸ் கணக்கில் கால் கிலோ சொச்சம். ஆக ஒரு மாட்டை வைத்து ஐம்பது நாளைக்கு ஒரு சிலிண்டரை மிச்சப்படுத்தலாம். ஐந்து பேருக்கு முழுச் சமையலும் நடக்க வேண்டுமென்றால் இரண்டு கனமீட்டர் கலன், ஐம்பது கிலோ சாணம், மூன்று நான்கு மாடு. ஒற்றை மாட்டுக்காரர் கலன் கட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. மாடு வைத்திருக்கிற வீட்டில் காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் கறக்கத் தெரிந்த ஓர் ஆள் இருந்தாக வேண்டும். கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி எதுவானாலும். என் மாமனார் இறந்த அன்று நான் மாலைக் கறவைக்குத் திரும்பி வந்தேன். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

எருமையையும் செம்மறியையும் நீளமாகப் பேசப் போவதில்லை. எருமைக்கு ஊறிக் கிடக்கத் தண்ணீர் வேண்டும், எங்கள் பக்கம் அது இல்லை. மேச்சேரிச் செம்மறி நல்ல இனம்தான்; ஆனால் அது மேய்ச்சல் நிலத்துக்குச் சொந்தமான மந்தை ஆடு, வீட்டுக்கு இரண்டு மூன்று என்று வைப்பதற்கு வெள்ளாடு போல ஒத்துவராது.

வெள்ளாடு: அவசரத்துக்குக் கைகொடுக்கும், வேலி இருந்தால்

'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்று எங்கள் அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். ஆட்டுப் புழுக்கை போட்ட பாத்தியில் அந்தப் போகமே பயிர் கருகருவென்று வரும். தழைச்சத்து அதிகம், மக்குவதும் சீக்கிரம். மாட்டு எரு மெதுவாக மண்ணைக் கட்டும். கிடை போடுகிறவர்களுக்குக் காசும் சோறும் கொடுத்து ஆட்டை நிலத்தில் நிறுத்தி வைப்பது இதற்காகத்தான்.

வெள்ளாட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். இரண்டு வருஷத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம். மூன்று தாயாடு வைத்தால், ஒற்றையும் இரட்டையுமாகச் சாவு போக வருஷத்துக்கு ஐந்து குட்டியாவது நிற்கும். ஏழெட்டு மாதத்தில் குட்டி பன்னிரண்டு கிலோவைத் தாண்டும். பள்ளிக்கூடக் கட்டணத்துக்கோ திடீர் வைத்தியத்துக்கோ ஒரு குட்டியை வாரச்சந்தைக்குப் பிடித்துக்கொண்டு போனால் கையில் காசோடு திரும்பலாம். மாட்டை அப்படி அரைப்பாகமாக விற்க முடியாது. சின்னக் குடும்பத்துக்கு இது பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

சித்திரைக் கேள்விக்கு வெள்ளாடு சொல்லும் பதிலும் நல்ல பதில். அது புல்லை நம்பி இல்லை, தழையை நம்பி இருக்கிறது. வேம்பு, கிளுவை, வெள்வேல நெற்று, சீமைக் கருவேல நெற்று எல்லாம் தண்ணீர் இல்லாமலே கோடையில் கிடைப்பவை. வாய்க்கால் ஓரம் நாற்பது அகத்தி வைத்தால் பாலாட்டுக்குப் போதும். சூபாபுல் தழையை மட்டும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிடாதீர்கள், அதில் உள்ள மைமோசின் உடம்புக்கு ஆகாது. ஓர் ஆட்டுக்கு நாளைக்கு மூன்று நான்கு கிலோ தழை. மூன்று ஆடு என்றால் ஒரு பெரிய கட்டு.

ஆனால் எந்தத் தழை ஆட்டைக் காப்பாற்றுகிறதோ, அந்தத் தழையை அதே ஆடு அழித்துவிடும். ஆடு தொடாத செடி என்று பார்த்தால் ஆடாதோடை மாதிரி சிலதுதான். நட்ட முருங்கை, கொய்யா, எலுமிச்சை எல்லாம் ஒரே மத்தியானத்தில் மொட்டையாகும். அதைவிட மோசம், பக்கத்துக் காட்டுக்காரர் நிலக்கடலையில் இறங்கிவிட்டால் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை நின்றுபோகும். ஆகவே ஆடு வாங்குவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே கிளுவைப் போத்தை, அதாவது வெட்டிய கொம்பை, நட்டு வேலி கட்ட வேண்டும். வெட்டி வைத்தாலே துளிர்த்துவிடும் மரம், ஆள் கூலி தவிர ஒரு செலவும் இல்லை. முழுசாக அடைய இரண்டு மழையாகும். அதுவரை முள்ளை வெட்டி இடையில் அடைக்கலாம்.

ஆள் கணக்கும் பாருங்கள். ஆட்டை நாளைக்கு ஐந்து மணி நேரமாவது ஒருவர் மேய்க்க வேண்டும். வீட்டில் நடமாட்டமுள்ள பெரியவர் இருந்தால் இது பாரமாக இருக்காது. எங்கள் அம்மா எழுபது வயது வரை ஆடு மேய்த்தாள், அதை அவளிடமிருந்து வாங்கத்தான் சண்டை போட வேண்டியிருந்தது. யாரும் இல்லாவிட்டால், தழை வெட்டிக் கட்டிப் போட்டு இரண்டு ஆடு வரை சமாளிக்கலாம்.

சேலம் கருப்பு ஈரோடு, சேலம் பக்கத்துக்குப் பழகிய இனம். தெற்கே தூத்துக்குடி, விருதுநகர் பக்கம் என்றால் கன்னி ஆடும் கொடி ஆடும். வெளிமாநில இனங்களை நிறைய விலை கொடுத்து வாங்கி முதல் மழையிலேயே சளி பிடித்துச் சாகவிட்டவர்களை எனக்குத் தெரியும். உங்கள் ஊர்க் காட்டில் எந்த ஆடு மேய்கிறதோ அதையே வாங்குங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும், மழைக்கு முன் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி, மழை நின்றதும் குடற்புழு மருந்து. இவ்வளவு போதும்.

கோழி: நட்டப்பட்டாலும் தாங்கக்கூடியது

கோழியை நான் கடைசியாக வாங்கினேன், அற்பம் என்று நினைத்து. இப்போது சொல்கிறேன், முதல் வருஷத்தில் ஒரு குடும்பம் கற்றுக்கொள்ள வேண்டிய எல்லாவற்றையும் கோழி கற்றுக்கொடுத்துவிடும்: விடியலில் எழுவது, நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பது, தீனியை மிச்சப்படுத்துவது, ஊருக்குப் போகும்போது யாரிடம் விட்டுப் போவது. அந்தப் பாடத்துக்கு ஆகும் செலவு ஐந்தாறாயிரம். மாட்டில் அதே பாடத்துக்கு ஐம்பதாயிரம்.

சிறுவிடை நாட்டுக்கோழி பத்துப் பெட்டை, ஒரு சேவல். சிறுவிடை ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை வைக்கும். வருஷத்துக்கு அறுபது என்று குறைத்தே கணக்குப் போட்டால் பத்துப் பெட்டைக்கு 600. அதில் 120 முட்டையை அடைக்கு வைத்தால், மிச்சம் வாரத்துக்கு ஒன்பது முட்டை வீட்டுக்கு. தினமும் ஐந்து பேருக்கும் முட்டை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பண்ணைக் கோழியின் கணக்கு. ஆனால் அடை வைத்த 120-இல் எண்பது பொரிக்கும், நாற்பது பிழைக்கும், பாதி சேவலாக வரும். மாதம் ஒரு நாள் வீட்டுக் கறிக்கு எடுத்தாலும் விற்க மிஞ்சும். இங்குபேட்டர் வேண்டாம், கரண்டு வேண்டாம். இருபத்தொரு நாள் தாய்க்கோழியே பார்த்துக்கொள்ளும்.

சித்திரையில் எதைத் தின்னும்? மேய்ந்தது போக ஒரு கோழிக்கு ஐம்பது கிராம் தானியம் போட்டால் போதும். பத்துக்கு அரைக்கிலோ, வருஷத்துக்கு 180 கிலோ. கால் ஏக்கர் மானாவாரிக் கம்பில் கிடைத்துவிடும், மூட்டையில் கட்டி வைத்தால் கோடை முழுக்க இருக்கும். தண்ணீர் நாளைக்கு ஒரு குடம்கூட ஆகாது. மூன்றில் இந்தக் கேள்விக்குக் கவலையில்லாமல் பதில் சொல்வது கோழி மட்டும்தான்.

குஞ்சுக்குக் கரையான் போடுங்கள். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், தட்டுத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். காசில்லாத புரதம். கரையான் தின்ற குஞ்சு தளதளவென்று ஏறுவதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசைதான்.

கோழியின் எமன் வெள்ளைக்கழிச்சல். இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட இமயமலை ஊரின் பெயரால் ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். எனக்கு ஒரு பங்குனியில் ஒரே வாரத்தில் இருபத்து மூன்று கோழி போனது. தடுப்பூசி போட்டிருந்தால் போயிருக்காது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஓர் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் எப்போது போடுகிறார்கள் என்று சொல்வார்கள், வழக்கமாகக் கோடை பிறக்கும் முன் முகாம் நடத்துவார்கள். வெயில் ஏறுவதற்குள் போட்டுவிடுங்கள். கீரிக்கும் வல்லூறுக்கும் தப்ப, குஞ்சுகளை முதல் ஆறு வாரம் பஞ்சாரக் கூடைக்குள் வைப்பதுதான் வழி.

கோழியால் ஆகாதது எரு. பத்துக் கோழி எச்சம் காய்கறிப் பாத்திக்குக் காணும், காட்டுக்குக் காணாது. பாலும் கிடைக்காது. அந்தத் தம்பியின் அம்மாவுக்கு இதுதான் குறை. "பாலில்லாத வீடு ஒரு வீடா?" என்று கேட்டாராம்.

தம்பிக்குச் சொன்னது

முதல் வருஷம் கோழி மட்டும். ஐயாயிரம் கோழிக்கு, ஐயாயிரம் கூண்டுக்கு. அதே ஆடியில் கால் ஏக்கர் கம்பு, ஓர் ஏக்கர் சோளம். ஐப்பசி மழைக்குக் கிளுவைப் போத்தும் அகத்தியும் நட்டுவிட வேண்டும். பாலைக் கூச்சப்படாமல் பக்கத்து வீட்டில் நாளைக்கு ஒரு லிட்டர் வாங்குங்கள். சொசைட்டி விலைக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தால் அவர்களுக்கும் லாபம். வேலி அடைந்த பிறகு இரண்டு பெண்ணாடு. அம்மா மேய்க்கத் தயாராக இருந்தால் மூன்று. மூன்றாவது கோடையில் தட்டுப்போர் தீராமல் நின்றால் அப்போது நாட்டுமாடு பார்க்கலாம். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போங்கள். கோடையிலும் விலா எலும்பு தெரியாமல் நிற்கிற மாடு எது என்று அங்கே கண்ணாலேயே பார்க்கலாம். மார்கழியில் வாங்கினால் எல்லா மாடும் அழகாகத்தான் இருக்கும்.

இந்த வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. வற்றாத கிணறும், கறக்கத் தெரிந்த இரண்டு பேரும் இருந்தால் மாட்டிலேயே தொடங்கலாம். தஞ்சாவூர்ப் பக்கம் வைக்கோல் சொந்தமாக இருக்கிறவர்களுக்கு என் தட்டுக் கணக்கு பொருந்தாது. அங்கே உம்பளச்சேரி மாடு அந்த வைக்கோலையும் வரப்புப் புல்லையும் தின்றே வளர்ந்தது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஆடு வேண்டவே வேண்டாம். எதை வாங்கினாலும் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணைக் கட்டுத்தரைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.

தம்பி கிளம்பும்போது, ஆட்டுக்கு ஒதுக்கும் இருபதாயிரத்தையும் மிச்சப்படுத்த வழி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வாங்குவது. ஆடு வைத்திருக்கிறவரிடம் இரண்டு பெண்குட்டியை வாங்கி வந்து வளர்த்து, ஈனுகிற குட்டிகளில் பாதியை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். தாயாடு அவருடையது, பாலும் புழுக்கையும் பாதிக் குட்டியும் நம்முடையது. எந்த ஈற்றில் யாருக்கு எது என்பதையும், ஆடு செத்தால் யார் பொறுப்பு என்பதையும் முதல் நாளே இரண்டு பேர் முன்னால் பேசிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் இதை எழுதிக்கொள்வதில்லை. வருகிற தையில் வேலி எந்த அளவுக்கு அடைந்திருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு, எங்கள் பட்டியிலிருந்தே இரண்டு குட்டியை அவருக்கு வாரத்துக்கு விடலாம் என்று இருக்கிறேன்.